பாத்திமா என்னும் பெயர்

ஊர்ப்பெயரும் மக்கட்பெயரும் வரலாற்றாசிரியனுக்குக் கல்வெட்டும் செப்பேடும் போலப் பயன்படத்தக்கவை. அவை அரசர் ஆணையால் எழுதப்பட்டவை அல்ல. பொதுமக்களே அவற்றை ஆக்கினர், பொதுமக்களே பேணினர், காலந்தோறும் அவர்களே அவற்றைத் திருத்தியும் அமைத்தனர். அம்பாறை மாவட்டத்தின் இறக்காமப் பகுதியைச் சேர்ந்த வரிப்பத்தான்சேனை என்னும் ஊரின் பெயர் இதற்கோர் எடுத்துக்காட்டு. காடு வெட்டி எரித்துப் பயிர் செய்யும் நிலம் சேனை எனப்படும். அவ்வுழைப்பின் நினைவு அவ்வூர்ப் பெயரின் ஈற்றில் இன்றும் நிலைத்திருக்கின்றது. அட்டாளைச்சேனை என்னும் ஊர்ப்பெயரின் ஈறும் இதுவே. தாம் வாழும் நிலத்துக்கு இவ்வாறு தமிழ்ப் பெயர் வழங்கும் இம்முஸ்லிம் மக்கள் தம் பெண்மக்களுக்கு இடும் பெயர்களோ பெரும்பாலும் அறபு மொழிக்குரியன. அவற்றுள் முதலிடம் பெறுவது பாத்திமா என்னும் பெயராகும்.

இக்கரையோரத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றின் வரவு இடாப்பை விரித்தால், மாணவியர் பெயர்களிற் பல பாத்திமா என்னும் சொல்லோடு தொடங்கக் காணலாம். ஆயினும் வகுப்பாசிரியர் அப்பெயரைச் சொல்லி எவரையும் அழைப்பதில்லை. அழைப்பாராயின் பலர் ஒருங்கே எழுந்து நிற்பர். பாத்திமா என்பதை அடுத்து வரும் நஸ்ரின், ரிஸ்னா, சுமையா போன்ற பெயர்களே வீட்டிலும் பள்ளியிலும் வழங்குவன. யாவரும் விரும்பி இட்ட ஒரு பெயர் யாரையும் அழைக்கப் பயன்படாத பெயராக மாறியது எவ்வாறு? அதன் பொருளையும் பிறப்பையும் பரவலையும் முறையே ஆராய்வதால் இவ்வினாவுக்கு விடை கிடைப்பதோடு, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் மொழிவாழ்வு பற்றிய செய்தியொன்றும் புலனாகும்.

அறபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளாலாகிய வேரினின்று கிளைப்பவை. பாத்திமா என்னும் சொல்லின் வேர், தாய் தன் குழந்தையின் பால்குடியை மறக்கச் செய்தலைக் குறிக்கும். ஆகவே பால் மறக்கச் செய்பவள் என்பது இப்பெயரின் நேர்ப்பொருள். முதன்முறை கேட்போர்க்கு இஃது ஒரு குழந்தைக்கு இடத்தக்க பெயராகத் தோன்றாதிருக்கலாம். ஆனால் பிள்ளைகள் பால்குடிப் பருவத்தைக் கடத்தலே அரிதாயிருந்த பண்டைக் காலத்தில், தன் பிள்ளையைப் பாலூட்டி வளர்த்துப் பால் மறக்கச் செய்யும் நாள்வரை காக்கும் பேறு பெற்றவளே நற்றாய் ஆவாள். இம்மகள் வளர்ந்து, தாயாகி, தன் மக்கள் பிழைத்து வளரக் காண்பாளாக என்னும் வாழ்த்து இப்பெயருள் அடங்கியிருக்கின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும். வாழ்பவள் எனப் பொருள்படும் ஆயிஷா என்னும் பெயரும் இத்தகைய வாழ்த்தே. பிற்காலச் சமய மரபினர் விலக்குதல் என்னும் கருத்தை விரித்து, நரக நெருப்பினின்றும் விலக்கப்பட்டவள் என்று பாத்திமாவுக்குப் பொருளுரைத்தனர். முன்னையது சொல்லின் பொருள். பின்னையது அன்பின் பொருள்.

இப்பெயர் இஸ்லாம் தோன்றுமுன்னரே அறபு நாட்டில் வழங்கியது. முகம்மது நபியின் தந்தையைப் பெற்ற பாட்டியார் அம்ரின் மகள் பாத்திமா. அலியாரின் தாயார் அசதின் மகள் பாத்திமா. உமறு கத்தாபின் உடன்பிறந்தாளும் பாத்திமாவே. நபியவர்களுக்கு அன்பளிப்பாக வந்த பட்டாடையொன்றை அவர்கள் அலியாரிடம் கொடுத்து, பாத்திமாக்களுக்குத் தலையாடையாகப் பங்கிடுக எனப் பணித்ததாக நபிமொழித் தொகுப்பு கூறுகின்றது. ஒரே குடும்பச் சூழலில் ஒரே பெயருடைய பெண்டிர் பலர் இருந்தமையும், அவர்களைப் பன்மையிற் சுட்டும் வழக்கு அன்றே எழுந்தமையும் இதனாற் பெறப்படும். இன்றைய வகுப்பறைச் சிக்கல் முற்றிலும் புதியதன்று.

எனினும் இப்பெயருக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் நபிகள் நாயகத்துக்கும் கதீஜா நாயகிக்கும் பிறந்த மகளாரே ஆவர். அவர் பிறந்த ஆண்டு கி.பி. 605 அளவில் என்பாரும் 615 அளவில் என்பாரும் உளர். மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பின்னர் அவர் அலியாரை மணந்து ஹசன், ஹுசைன் என்னும் மைந்தரையும் ஸைனப், உம்மு குல்தூம் என்னும் புதல்வியரையும் பெற்றார். தந்தையார் மறைந்த 632ஆம் ஆண்டிலேயே, சில திங்கள் கழிந்ததும், அவரும் மறைந்தார். ஒளிபொருந்தியவர் எனப் பொருள்படும் ஸஹ்ரா என்பது அவரது சிறப்புப்பெயர். அதுவும் பின்னர்ப் பெண்மக்களுக்குத் தனிப்பெயராயிற்று.

அவரது புகழுக்கு அவர் பிறந்த குடி மட்டும் காரணமன்று. அவர் வாழ்ந்த வாழ்வும் காரணமாகும். திரிகை சுற்றி மாவரைத்துக் கை காய்த்துப்போன பாத்திமா, வீட்டுவேலைக்கு ஓர் ஏவலாள் வேண்டித் தந்தையாரிடம் சென்றார். ஏவலாளுக்குப் பதிலாக, துயிலச் செல்லும்போது ஓதுமாறு இறைவனைப் போற்றும் தொடர்களை நபியவர்கள் அவருக்குக் கற்பித்தார்கள்; 33, 33, 34 என நூறு முறை அவற்றை ஓதுவது இன்றளவும் முஸ்லிம்கள் கைக்கொள்ளும் வழக்கம். நெல் குற்றியும் மாவிடித்தும் பாய் இழைத்தும் வாழ்ந்த கிழக்குக் கரைப் பெண்களுக்கு, அரசியொருத்தியின் கதையைக் காட்டிலும் கை காய்த்த இப்பெருமாட்டியின் கதையே நெஞ்சுக்கு அணித்தாயிருந்தது என்பதில் வியப்பில்லை.

இஸ்லாம் பரவிய நாடெங்கும் இப்பெயரும் பரந்தது. மொரோக்கோ நாட்டின் பாஸ் நகரிலுள்ள கரவிய்யீன் பள்ளியை 859ஆம் ஆண்டில் நிறுவியவர் பாத்திமா அல் பிஹ்ரி என்னும் பெண்மணி என்பது மரபு. 909 முதல் 1171 வரை வட ஆபிரிக்காவில் அரசோச்சி, 969இல் கெய்ரோ நகரை அமைத்த மரபினர், நபி மகளின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டு பாத்திமிய்யர் எனப் பெயர் பூண்டனர். பெண்ணொருவரின் பெயரால் அழைக்கப்பட்ட அரசமரபுகள் உலகில் அரியன. சென்றவிடமெல்லாம் அப்பெயர் அவ்வந்நாட்டு நாவுக்கு ஏற்ப மாறியது. துருக்கியர் பாத்மா என்றனர். பாரசீகர் பாத்திமே என்றனர். மேற்காபிரிக்க மக்கள் பாத்துமாத்தா என்றும் சுருக்கமாகப் பாத்து என்றும் வழங்கினர். மாலைதீவினர் பாத்திமத் என்றனர். தமிழரும் தம் நாவுக்கு இசைய அதனை அமைத்துக்கொண்டனர்.

தமிழ் இலக்கியத்தில் இப்பெயருக்குப் பெருஞ்சிறப்பு அளித்தது உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அப்புலவர், நபி மகளின் மணவிழாவைப் பாத்திமா திருமணப் படலம் எனத் தனிப் படலமாகவே பாடினார். அறபு நாட்டு நிகழ்ச்சியைத் தமிழ்க் காப்பிய மரபில் நின்று பாடியமையால், பாலை நிலத்து மங்கை தமிழ் மணமகளாகவே கற்போர் கண்முன் தோன்றுகிறாள். சீறாப்புராணத்தை மக்கள் கூடியிருந்து ஓதவும் உரை கேட்கவும் செய்த ஊர்களில், எழுத்தறியாத தாய்மாரும் பாத்திமா நாயகியின் கதையைத் தமிழிலேயே அறிந்தனர். ஆகவே அப்பெயர் அவர்களுக்கு அயல்மொழிச் சொல்லாகத் தோன்றவில்லை.

வடசொற்கள் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அறபுச் சொற்களும் அந்நெறியிலேயே தமிழுட் புகுந்தன. அறபியில் இதழும் பல்லும் உரசிப் பிறக்கும் முதலெழுத்து தமிழிற் பகரமாயிற்று. பக்கீர், பாத்திஹா என்பனவற்றிலும் அதுவே நிகழ்ந்தது. பெயரின் நடுவிலுள்ள அறபு எழுத்து தகரமாயிற்று. சுல்தான், தலாக் என்பனவற்றில் வருவதும் அவ்வெழுத்தே. பின்னர்ப் பேச்சுவழக்கு தன் பணியைத் தொடர்ந்தது. இதழொலியின் சார்பினால் இகரம் உகரமாதல் பேச்சுத் தமிழின் இயல்பு. பிள்ளை என்பது புள்ளை என ஒலித்தல் அதன்பாற்படும். அவ்வாறே பாத்திமா, மகரத்தின் சார்பினாற் பாத்துமா ஆயிற்று. பாத்துமா என்பதன் ஈற்றில் உம்மா என்னும் தாய்ப்பெயர் ஒலிப்பதாகக் கேட்டோர் கருதினர். தாய் எனப் பொருள்படும் உம்மு என்னும் அறபுச் சொல்லும் அம்மா என்னும் தமிழ்ச்சொல்லும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் அச்சொல்லையே இம்மக்கள் தாயை அழைக்க வழங்குகின்றனர். ஆகவே பாத்துமா பாத்தும்மா ஆயிற்று. அதன்பின் பாத்து என்பதே பெயர்ப்பகுதி போலப் பிரிந்து நின்று, முத்து என்னும் தமிழ்ச்சொல்லோடு கூடிப் பாத்துமுத்து என்னும் அழகிய பெயரையும் தந்தது.

மலையாள மொழியிலும் இம்மாற்றமே நிகழ்ந்தது. வைக்கம் முகம்மது பஷீர் 1959இல் வெளியிட்ட, பாத்தும்மாவின் ஆடு எனத் தமிழில் அறியப்படும் நூலின் பெயரே இதற்குச் சான்று. பீவி, நாச்சியார் என்னும் மதிப்புச் சொற்களோடு கூடிய வடிவங்களும் தென்னகத்தில் வழங்கின. 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசராகப் பதவியேற்று, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கிய பாத்திமா பீவியின் பெயர் அத்தகையது. தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழ் முறையில் முஸ்லிம் பெண்கள் பலர் சமயநூல்களைக் கற்றனர். அவ்வேடுகளிற் பெயரின் எழுத்துகள் அறபியில் உள்ளவாறே நின்றன. படிப்போர் நாவில் எழுந்த ஒலியோ தமிழொலியாயிருந்தது.

ஒரு சொல் எவ்வழி வந்தது என்பதை அதன் எழுத்தே காட்டிக்கொடுக்கும் என்பதற்குக் கல்முனை நகரில் ஓர் அரிய சான்று உண்டு. அங்குள்ள கத்தோலிக்க மரபுப் பாடசாலையொன்று கார்மேல் பற்றிமா கல்லூரி எனப் பெயர் பெறும். முஸ்லிம் வீட்டுப் பாத்திமாவும் கல்லூரிப் பெயரிலுள்ள பற்றிமாவும் அடிப்படையில் ஒரே சொல். போர்த்துக்கல் நாட்டில், முன்னர் முஸ்லிம்கள் ஆண்ட நிலப்பகுதியில், அறபு வழிவந்த பெயரையுடைய சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில் 1917ஆம் ஆண்டு மூன்று சிறாருக்குத் தேவமாதா காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். அதன்பின் பாத்திமா மாதா என்னும் பெயர் கத்தோலிக்க உலகெங்கும் பரவியது. மதுரையில் 1953இல் தோன்றிய பாத்திமா கல்லூரியின் பெயரும் இவ்வழியில் வந்ததே.

மதுரையில் தகரத்தால் எழுதப்படும் பெயர் கல்முனையில் றகரத்தால் எழுதப்படுவதேன்? இலங்கைத் தமிழர் ஆங்கிலத்து வல்லொலியை இரட்டை றகரத்தால் எழுதும் வழக்கமுடையவர்; கொமிற்றி என எழுதுதல் காண்க. போர்த்துக்கேயர் வாய்மொழியாக வந்த சொற்களிலோ தகரமே அமைந்தது. சப்பாத்து, பாதிரி என்பன அத்தகையன. ஆகவே பற்றிமா என்னும் வடிவம் போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததன்று, ஆங்கில எழுத்தின் வழியே இருபதாம் நூற்றாண்டில் வந்தது என்பது தெளிவு. பாத்திமா அறபுக் கடல்வழி வந்தது. பற்றிமா ஐரோப்பாவைச் சுற்றி வந்தது. ஒரு தாயின் இரு மக்கள் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து, ஒரே நகரில் ஒருவரையொருவர் அறியாது அயலிற் குடியிருப்பது போன்றது இது.

இவ்வயலுறவில் வரலாற்றின் விந்தையொன்றும் உண்டு. இலங்கை முஸ்லிம்களுக்கு மூர் என்னும் பெயரிட்டவர் போர்த்துக்கேயர். தம் தாயகத்தில் தாம் போரிட்ட முஸ்லிம்களின் பெயரையே இங்கும் வழங்கினர். 1626ஆம் ஆண்டில் அவர்கள் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். முஸ்லிம்களைத் துரத்தியோரின் நாட்டிலேயே பாத்திமாவின் பெயர் ஓர் ஊர்ப்பெயராய் நிலைத்திருந்தது என்பதை அன்று எவர் நினைத்திருப்பர்?

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் சமுதாய அமைப்பிற் பெண்பெயருக்குத் தனி நிலை உண்டு. தமிழரைப் போலவே இவர்களும் தாய்வழிக் குடிமுறையைப் போற்றினர். பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. பள்ளிவாசலிற் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் அமர்ந்தனர். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் சென்றன. மணமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்ந்தான். ஆகையாற் காணி உறுதிகளிற் பெண்களின் பெயர்கள் உரிமையாளர் பெயர்களாகவே இடம்பெற்றன. அவ்வுறுதிகளை எழுதியவர்கள் செவியிற் கேட்டவாறே பாத்துமா, பாத்தும்மா, பாத்துமுத்து என எழுதினர். அயலூர்த் தமிழர் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகியைத் தாயாக வழிபட்டு, அவள் பெயரைக் கண்ணகை என்று தம் நாவுக்கேற்ப அமைத்துக்கொண்டதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பெருமாட்டியொருவரின் பெயரை உள்ளூர் நாவில் இட்டு வழங்குதல் பற்றின்மையால் நிகழ்வதன்று. நெடுநாட் பழகிய உரிமையால் நிகழ்வதாகும்.

இருபதாம் நூற்றாண்டிற் பெயரமைப்பு மாறத் தொடங்கியது. பழைய தலைமுறைப் பெண்களின் பெயர்கள் ஆமினா உம்மா, அவ்வா உம்மா, ஆயிஷா உம்மா என ஈற்றில் உம்மா என்னும் சொல்லைப் பெற்றன. பின்வந்த தலைமுறையில் ஈற்று உம்மா மறைய, முதலிற் பாத்திமா வந்து நின்றது. பெண் என்பதையும் முஸ்லிம் என்பதையும் ஒருங்கே உணர்த்திய அடையாளம் பெயரின் வாலிலிருந்து தலைக்கு ஏறியது எனலாம். ஆண்மக்கள் பெயரின் முன் முகம்மது நிற்பது போலப் பெண்மக்கள் பெயரின் முன் பாத்திமா நிற்கலாயிற்று. பெண்கல்வி பரவியமையும், அறபுக் கல்வி கற்றோர் பெருகி மூலமொழி வடிவத்தைத் தேடியமையும், பிறப்பைப் பதிவுசெய்தல் வழக்கமாகியமையும் இம்மாற்றத்துக்குத் துணைபுரிந்தன. 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், அடையாள அட்டைக்கு வழிவகுத்த 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டமும் நிலைத்த எழுத்துவடிவம் ஒன்றை ஒவ்வொருவருக்கும் வேண்டின. வாய்மொழியில் வாழ்ந்த பெயர் ஏட்டுமொழிக்கு மாறியது.

இதன் பயன் இருவகைத்து. பெயர் முன்னெக்காலத்தினும் பெருக வழங்கியது. ஆனால் அழைக்கும் தொழிலை இழந்தது. ஒருவரை மற்றவரினின்றும் பிரித்துக் காட்டுவதே இயற்பெயரின் பணி. யாவர்க்கும் உரியதாகிய பெயர் அப்பணியைச் செய்ய இயலாது; அது பட்டமாகவோ வாழ்த்தாகவோ மாறிவிடும். இன்று பாத்திமா என்பது பெயரின் முன் நிற்கும் மங்கலச் சொல். விண்ணப்பப் படிவங்களில் அது மேலும் சுருங்கி, எப். என்னும் ஒற்றை ஆங்கில எழுத்தாகவும் நின்றுவிடுகின்றது. தமிழ்நாவு நெடுங்காலம் முயன்று பகரமாக்கிய ஒலி, ஆங்கில முதலெழுத்தாய்த் திரும்பி வந்தது.

இதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. தாம் போற்றும் ஒருவரின் பெயர் தம் பிள்ளைகள் அனைவர் பெயரிலும் விளங்கவேண்டும் என்று பெற்றோர் விரும்புதல் இயற்கை. கவலைக்குரியது வேறொன்று. பாத்தும்மா, பாத்துமுத்து என்னும் பழைய வடிவங்கள் கல்லாதவர் செய்த பிழைகள் எனக் கருதப்படுகின்றன. மூத்தம்மாவின் காணி உறுதியிற் பாத்தும்மா என்றும் பேர்த்தி தரும் பத்திரத்திற் பாத்திமா என்றும் இருந்தால், இருவேறு ஆட்கள் எனும் ஐயம் எழ இடமுண்டு. அவ்வையத்தைத் தவிர்ப்பதற்காகப் பழைய பெயரைத் திருத்தி எழுதுவோர், தம்மை அறியாமலே ஒரு வரலாற்று ஆவணத்தை அழிப்போராவர். சொல்லின் தமிழ் வடிவமே, இம்மக்கள் இம்மண்ணில் இம்மொழியோடு வாழ்ந்தமைக்குக் கல்லில் எழுதாத சான்று. பாத்திமா என்னும் வடிவம் மக்கா நகரை நினைவூட்டும். பாத்தும்மா என்னும் வடிவமோ வயலும் குளமும் சேனையும் சூழ்ந்த இவ்வூர்களில் அப்பெயர் வாழ்ந்த காலத்தை நினைவூட்டும். இரண்டும் வேண்டற்பாலனவே.

ஆகவே உறுதிகளிலும், பள்ளிவாசற் பதிவேடுகளிலும், பழைய வரவு இடாப்புகளிலும், அடக்கத்தலங்களின் மீசான் கற்களிலும் எஞ்சியுள்ள பெண்பெயர்களை, உள்ளது உள்ளவாறே படியெடுத்துத் தொகுத்தல் இக்கரையோரத்துக் கல்விநிலையங்கள் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதுவதிலிருந்தே அது தொடங்கலாம். அரசர் பெயர்கள் கல்வெட்டிற் காக்கப்பட்டுள்ளன. மாவரைத்த கைகளுக்குரியோர் பெயர்களைக் காப்பதற்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. அவற்றைப் பிழையென்று தள்ளாது, பேசியவாறே எழுதிவைத்தல் வேண்டும்.